நூறு சிடி மட்டும் வேண்டும், யாரிடம் போவது?

சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தக் காசில் ரெக்கார்டிங் முடித்து, அதைச் சிடியாகக் கையில் கொடுக்க நினைக்கும் இசைக்குழுக்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்ததில் பாதிக் கடிதங்கள் ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன: ஆயிரம் வேண்டாம், நூறு போதும், ஆனால் நூறு என்றால் யாரும் மதிப்பதில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் கொண்ட குழு. எட்டுப் பாட்டு, மொத்தம் 38 நிமிடம். இரண்டு மாதத்தில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, அங்கே விற்கச் சிடி வேண்டும். ஒரு இடத்தில் குறைந்தது ஆயிரம் எடுத்தால்தான் செய்வோம் என்கிறார்கள். இன்னொருவர் ஐம்பது என்றாலும் போட்டுத் தருகிறேன் என்கிறார். ஆனால் ஆயிரம் எடுத்தால் ஒரு சிடியின் விலை பாதிக்கும் கீழே வருகிறது. எது சரி? (கோவை வாசகர்)

பதில்: இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் செய்வது ஒரே வேலை இல்லை. ஆயிரம் கேட்பவர் செய்வது பிரஸ்ஸிங். உங்கள் ஒலிப்பதிவை ஒரு கண்ணாடித் தட்டில் பதிந்து, அதிலிருந்து நிக்கலில் ஸ்டாம்பர் என்கிற அச்சு எடுத்து, உருக்கிய பாலிகார்பனேட்டை அந்த அச்சில் அழுத்தி, மேலே மெல்லிசாக அலுமினியமும் அதன்மேல் லாக்கரும் பூசி எடுப்பார்கள். அந்த அச்சு செய்யும் செலவு நீங்கள் பத்து எடுத்தாலும் பத்தாயிரம் எடுத்தாலும் ஒன்றுதான். கல்யாண அடுப்பை மூட்டி நாலு பேருக்கு இட்லி அவிக்க முடியாதல்லவா, அதனால்தான் ஆயிரம் கேட்கிறார்கள். ஐம்பது தருகிறேன் என்பவர் செய்வது டூப்ளிகேஷன், அதாவது வெற்று சிடி-ஆர் வாங்கி ரைட் செய்வது. அதில் அச்சு கிடையாது. வட்டுக்குள் இருக்கும் சாயத்தை லேசர் சுட்டுக் குறி வைக்கிறது, ஒவ்வொரு வட்டும் தனித்தனியாக எழுதப்படுகிறது, அதனால் ஒன்று போட்டாலும் நூறு போட்டாலும் ஒரு வட்டுக்கான செலவு பெரிதாக மாறாது.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரைட் செய்து, மேலே அச்சிட்டு, அட்டையோடு ஒன்று 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், நூறுக்கு 6,000. பிரஸ்ஸிங்கில் ஒன்று 25 ரூபாய் என்றால் ஆயிரத்துக்கு 25,000. 25 ரூபாய் மலிவாகத்தான் தெரியும். ஆனால் நீங்கள் 150 சிடிதான் விற்கிறீர்கள் என்றால், விற்ற ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கு ஆன செலவு 166 ரூபாய்க்கு மேல். அதே 150-ஐ ரைட் செய்து வாங்கியிருந்தால் 9,000-த்தோடு முடிந்திருக்கும். (இந்த விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் ஊர்க் கொட்டேஷனை இதே இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், ஜிஎஸ்டி சேர்த்து.) சிடி எவ்வளவுக்கு வருகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை போகும் என்று பாருங்கள். உங்கள் நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வருவார்கள், அதில் எத்தனை பேர் மேடைக்குப் பக்கத்தில் போட்ட மேசை வரை வருவார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் குழு பல வருடத்துக்கு முன்னால் ஆயிரம் பிரஸ் செய்தது. இரண்டு வருடத்தில் 180 போனது. அதற்குள் எங்கள் பாடகி வேறு ஊருக்குப் போய்விட்டார், உறையில் அச்சிட்டிருந்த போன் நம்பரும் மாறிவிட்டது, மூன்றாவது பாட்டில் கடம் வாசித்தவர் பெயர் விடுபட்டுப்போனதைக் கடைசிவரை திருத்தவே முடியவில்லை. அவர் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. ஐம்பது ஐம்பதாகப் போட்டிருந்தால் அடுத்த ஐம்பதிலேயே அந்தப் பெயர் வந்திருக்கும். அதனால் என் பதில்: முந்நூறுக்குக் கீழே என்றால் யோசிக்காமல் ரைட் செய்யுங்கள். ஐந்நூறுக்கு மேல் உறுதியாக விற்கும் என்றால் பிரஸ். நடுவில் நிற்பவர்கள் இரண்டு கொட்டேஷனும் வாங்கிப் பாருங்கள். உங்களுக்கு முதலில் நூறு, நிகழ்ச்சி முடிந்ததும் தேவையைப் பார்த்து மறுபடி.

இரண்டு மாதம் போதுமா என்ற பயம் வேண்டாம். ஒரே நேரத்தில் ஏழு வட்டு எழுதும் டவர் வைத்திருப்பவர் என்றால் 16 மடங்கு வேகத்தில் உங்கள் 38 நிமிடத்தை ஒரு சுற்றுக்கு நாலு நிமிடத்துக்குள் முடித்துவிடுவார். நூறுக்குப் பதினைந்து சுற்று, ஒரு மணி நேர வேலை. வட்டின் மேல் எழுத்து அச்சிடுவதும் அட்டையும்தான் நாள் எடுக்கும்.

கேள்வி: ரைட் செய்த சிடியின் அடிப்பக்கம் பச்சையாகத் தெரிகிறதே, வாங்குகிறவர்கள் திருட்டு சிடி என்று நினைக்க மாட்டார்களா? (சேலம் வாசகி)

பதில்: நினைக்கலாம். அடிப்பக்கத்தின் பச்சையோ நீலமோ சாயத்தின் நிறம், பாட்டின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஒழுங்காக எழுதிய வட்டும் பிரஸ் செய்த வட்டும் காதுக்கு ஒன்றுதான். ஆனால் திருட்டு சிடியைப் பார்த்துப் பழகிய ஊர் நம் ஊர். 2004-ல் குண்டர் சட்டத்திலேயே வீடியோ திருட்டைச் சேர்த்தார்கள் என்றால் பாருங்கள். சந்தேகத்தைத் தீர்ப்பது நிறம் இல்லை, வட்டின் மேலும் உறையின் மேலும் நீங்கள் போடுகிற எழுத்து. அது வெறும் அழகுக்கும் இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52ஏ மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகப் போடச் சொல்கிறது: ஒலிப்பதிவைத் தயாரித்தவர் பெயர், முகவரி, பதிப்புரிமை யாருக்கோ அவர் பெயர், முகவரி, முதலில் வெளியான ஆண்டு. போடாமல் விட்டால் பிரிவு 68ஏ-யின் கீழ் மூன்று வருடம் வரை சிறை, அபராதம் என்று இருக்கிறது. சொந்தப் பாட்டுதானே என்று இதை விட்டுவிடுகிற குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து விடாதீர்கள், உறையின் பின்பக்கம் இரண்டு வரி இடம் போதும்.

கேள்வி: எங்கள் ஆல்பத்தில் விருத்தம் முடிந்த கையோடு மூச்சு விடாமல் பாட்டு தொடங்கும். அதுதான் அந்த இடத்தின் உயிரே. சிடியில் கேட்டால் நடுவில் இரண்டு விநாடி மௌனம். கடைக்காரரிடம் எம்பி3 ஆகத்தான் கொடுத்திருந்தோம். தவறு யார் மேல்? (மதுரை வாசகர்)

பதில்: இரண்டு பக்கமும் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில்தான் நிறைய நல்ல ஆல்பங்கள் வீணாகின்றன.

முதலில் எம்பி3. அது பாட்டில் ஒரு பகுதியை எறிந்துவிட்டுச் சுருக்கிய கோப்பு, சிடியில் எழுதினால் எறிந்தது திரும்பி வராது. அதோடு எம்பி3 ஆக்கும்போதே ஒவ்வொரு பாட்டின் தலையிலும் வாலிலும் ஒரு துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும், ஆக உங்கள் விருத்தம் கடைக்குப் போவதற்கு முன்பே அறுபட்டுவிட்டது. சிடிக்கு வேண்டியது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் (WAV, சுருக்காத ஒலி) கோப்பு. ஸ்டுடியோவில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்திருப்பார்கள். அதைக் கடைசியில் ஒரே ஒரு முறை, டிதர் (பிட் குறைக்கும்போது வரும் சிதைவை மறைக்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) போட்டு இறக்கித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் கையில் அந்த மாற்றத்தை விடாதீர்கள்.

அடுத்து, எழுதும் முறை. ட்ராக்-அட்-ஒன்ஸ் என்றால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் லேசர் அணைந்து மறுபடி எரியும், நடுவில் வழக்கமாக இரண்டு விநாடி இடைவெளி விழும். டிஸ்க்-அட்-ஒன்ஸ் என்றால் முதல் பாட்டிலிருந்து கடைசிவரை லேசர் அணையாமல் ஒரே ஓட்டமாக எழுதும், இடைவெளியை நீங்கள் சொல்கிறபடி வைக்கலாம், வேண்டாமென்றால் பூஜ்யம். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பாட்டு வரிசை, ஒவ்வொன்றின் நீளம், எதற்கும் எதற்கும் நடுவில் எத்தனை விநாடி. மாஸ்டரிங் செய்கிறவர் டிடிபி (DDP, முழு ஆல்பத்தையும் சிடி வரிசையிலேயே கட்டிய மாஸ்டர்) கோப்பாகவே தந்தால் இன்னும் நல்லது, இடைவெளி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஐஎஸ்ஓ (டேட்டா சிடியின் நகல்) கோப்பாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள், ஆடியோ சிடியின் ட்ராக்குகள் ஐஎஸ்ஓ-வில் அடங்காது. டிடிபி இல்லையென்றால் பின்-க்யூ (BIN/CUE) ஜோடி, ஒன்றில் ஒலி, இன்னொன்றில் எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு.

அப்புறம் சிடி-டெக்ஸ்ட். காரில் பாட்டின் பெயர் ஓடுவது அதனால்தான். அதில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை, ஆங்கில எழுத்தில்தான் போட வேண்டும். ஆனால் கம்ப்யூட்டரில் போட்டால் வரும் பெயர்கள் பெரும்பாலும் மியூசிக்பிரைன்ஸ் போன்ற இணையப் பட்டியலிலிருந்து வருபவை. அங்கே உங்கள் ஆல்பத்தை நீங்களே தமிழில் ஏற்றிவிடலாம். செலவில்லை, அரை மணி நேரம்.

கேள்வி: ஏ4 ஸ்டிக்கரில் பிரிண்ட் எடுத்து வட்டமாக வெட்டி ஒட்டினால் செலவு ரொம்பக் குறைகிறது. செய்யலாமா? (சென்னை வாசகர்)

பதில்: வேண்டாம். சிடி பிளேயருக்குள் அது நிமிடத்துக்கு 200 முதல் 500 சுற்று சுற்றுகிறது, கம்ப்யூட்டர் டிரைவில் இன்னும் பல மடங்கு. ஸ்டிக்கர் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் எடை ஒரு பக்கம் சாயும், வட்டு அதிரும். நம் வெயிலில் நிறுத்திய காருக்குள் பசை இளகி ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒரு நண்பரின் காரில் அப்படித் தூக்கிய ஓரம் பிளேயரின் வாய்க்குள் மடங்கி, வட்டு வெளியேயும் வராமல் உள்ளேயும் ஓடாமல், டேஷ்போர்டைக் கழற்றித்தான் எடுத்தோம். எடுத்தபோது ஸ்டிக்கரோடு பளபளக்கும் உலோகப் பூச்சும் உரிந்து வந்து, அந்த இடத்தில் வட்டு ஜன்னல் கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரிந்தது. பலருக்கும் தெரியாத விஷயம் இது: பாட்டு இருப்பது அடிப்பக்கத்தில் இல்லை, எழுத்து அச்சிட்ட மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழே. அடியில் பாதுகாப்புக்கு 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இருக்கிறது, மேலே லாக்கர் மட்டும்தான்.

வெள்ளை மேல்பரப்போடு வரும் இங்க்ஜெட் பிரிண்டபிள் வட்டுகள் இருக்கின்றன, அதில் நேரடியாக அச்சிடுங்கள். அச்சு காய ஒரு நாள் கொடுங்கள். சாம்பிள் வாங்கும்போது ஈர விரலால் ஒரு ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள், மை வந்தால் வேறு வட்டு கேளுங்கள். கையெழுத்துப் போட வேண்டுமென்றால் உறையில் போடுங்கள். வட்டில்தான் வேண்டும் என்று ரசிகர் கேட்டால் தண்ணீர் மை உள்ள மார்க்கர், பால்பாயின்ட் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஒரு பாரதியார் பாட்டு, ஒரு பழைய சினிமாப் பாட்டு, இரண்டையும் எங்கள் பாணியில் பாடியிருக்கிறோம். நூறு சிடிதானே, அனுமதி வேண்டுமா? (திருச்சி வாசகி)

பதில்: பாரதிக்கு வேண்டாம். 1949-ல் சென்னை மாகாண அரசு அந்த உரிமையை எடுத்துக்கொண்டு, பிறகு மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. ஆனால் வரிகள்தான் பொது. வேறு ஒருவர் போட்ட மெட்டில் பாடியிருந்தால் மெட்டு அவருடையது. நீங்களே மெட்டுப் போட்டிருந்தால் தாராளமாக வெளியிடலாம்.

சினிமாப் பாட்டுக்கு நூறானாலும் ஒன்றானாலும் அனுமதி வேண்டும். 2012-ல் சட்டத்தில் சேர்த்த பிரிவு 31சி, முதல் ஒலிப்பதிவு வந்து ஐந்து வருடம் கழிந்த பாட்டைக் கவர் செய்ய, அதாவது நீங்கள் புதிதாகப் பாடிப் பதிவு செய்ய, ஒரு வழி தருகிறது. ஆனால் அதில் வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டி கட்ட வேண்டும், நூறு போடுகிறவர்களுக்கு அது வழியே இல்லை. உரிமை வைத்திருக்கும் ஆடியோ நிறுவனத்துக்கு நேராகக் கடிதம் எழுதிக் கேளுங்கள், பதில் வரும்வரை அந்தப் பாட்டை மேடையோடு நிறுத்துங்கள். சிடியில் உங்கள் சொந்தப் பாட்டு இன்னொன்று இருக்கட்டுமே.

கேள்வி: பழைய மாணவர் பாடகர் குழு ஒன்று வைத்திருக்கிறோம். 30 இறுவட்டுகள் (சிடிகள்)தான் தேவை. வீட்டிலேயே செய்யலாமா? எவ்வளவு காலம் இருக்கும்? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: முப்பதுக்கு வீடே போதும். யுஎஸ்பி-யில் மாட்டும் ஒரு ரைட்டர், விண்டோஸ் என்றால் இம்க்பர்ன், லினக்ஸ் என்றால் கே3பி, இரண்டும் இலவசம். வேகம் 16 அல்லது 24 வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப மெதுவாக எழுதினால் நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, இப்போதைய வட்டுகள் வேகமாக எழுதவே செய்யப்பட்டவை, 4-க்கு இறக்குவதால் லாபமில்லை. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் வைத்தால் முப்பதுக்கு இரண்டரை மணி நேரம்.

ஆயுள் என்பது வட்டின் சாயத்தையும் நீங்கள் வைக்கிற இடத்தையும் பொறுத்தது. சாயத்துக்கு எதிரி வெயில், அடுத்தது வெக்கையும் ஈரமும். ஜன்னல் ஓரத்திலும் கார் டேஷ்போர்டிலும் வைக்காதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறை வெக்கையில் இறுவட்டோடு ஒட்டிக்கொள்ளும், காகித உறையோ அட்டையோ போடுங்கள். முக்கியமாக, இறுவட்டை மட்டும் நம்பாமல் மூல வேவ் கோப்புகளை இரண்டு தனி ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வேறு வீட்டில் வையுங்கள்.

கேள்வி: உறைக்கு ஜுவல் கேஸா, அட்டையா? சிவகாசியில் அடித்தால் மலிவு என்கிறார்களே? (விருதுநகர் வாசகர்)

பதில்: அட்டை. ஜுவல் கேஸ் என்கிற கெட்டி பிளாஸ்டிக் பெட்டி போட்டால் எல்லாம் சேர்ந்து நூறு கிராம் பக்கம் வரும், வட்டு மட்டும் 15, 16 கிராம்தான், தபாலில் அனுப்பும்போது இது காசு. கேஸின் கீல் முதல் பயணத்திலேயே உடைவதும் உண்டு. சிவகாசி ஆஃப்செட் மலிவுதான், ஆனால் நாலு வண்ணத்துக்கு நாலு பிளேட் போட வேண்டும், அதுவும் கல்யாண அடுப்புக் கணக்குதான். நூறுக்கு உள்ளூர் டிஜிட்டல் பிரிண்டே வசதி. டிசைன் 300 டிபிஐ, சிஎம்ஒய்கே (அச்சுக்கான நாலு வண்ண முறை), சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது போகிற கூடுதல் ஓரம்). அளவை இணையத்திலிருந்து எடுக்காமல் அட்டை மடித்துத் தருகிறவரிடமே டெம்ப்ளேட் வாங்குங்கள், முதலில் ஒன்றை வெட்டி மடித்து உண்மையான வட்டைச் செருகிப் பாருங்கள். பாட்டு வரிகளை அச்சிட இடம் இருந்தால் கண்டிப்பாக அச்சிடுங்கள், சிடி வாங்குகிறவர் வீட்டுக்குப் போய் முதலில் தொடுவது அதைத்தான்.

கேள்வி: இந்தக் காலத்தில் யார் வீட்டில் சிடி பிளேயர் இருக்கிறது? (புதுச்சேரி வாசகர்)

பதில்: நிறைய வீட்டில் இல்லை, புது லேப்டாப்பிலும் இல்லை. அதனால்தான் ஆயிரம் வேண்டாம், நூறு போதும் என்கிறேன். உறைக்குள் ஒரு சின்னச் சீட்டில் க்யூஆர் கோடு வைத்து, அதே பாட்டுகளை முழுத் தரத்தில் இறக்கிக்கொள்ள வழி செய்யுங்கள். பாட்டு முடிந்த சூட்டில், வாசித்தவர் கையிலிருந்து எதையாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று நிற்கிறவர்களை ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் பார்க்கிறேன். அவர்கள் கையில் லிங்க் எழுதிய சீட்டு மட்டும் கொடுத்தால் போதாது.

கேள்வி: நூறு சிடி டெலிவரி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? நூறையும் போட்டுக் கேட்க முடியாதே. (ஈரோடு வாசகி)

பதில்: நூறுக்கு முன்னால் ஒன்று. ஆர்டர் கொடுக்கும்போதே ஒரு டெஸ்ட் வட்டு கேளுங்கள், குழு மொத்தமும் உட்கார்ந்து முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடிவரை உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வீட்டில் இருக்கிறதிலேயே பழைய பிளேயரிலும் யாருடையதாவது பழைய காரிலும் ஓடுகிறதா பாருங்கள். அப்புறம்தான் மிச்சத்துக்குச் சரி சொல்ல வேண்டும்.

டெலிவரி அன்று கடையிலேயே ட்யூப்லைட் கீழே நின்றுகொண்டு வட்டுகளின் அடிப்பக்கத்தை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பாருங்கள். சிடி நடுவிலிருந்து வெளியே நோக்கி எழுதப்படுகிறது, எழுதிய பகுதி ஒரு நிறம், எழுதாத பகுதி கொஞ்சம் வேறு நிறம். 38 நிமிட ஆல்பம் என்றால் 80 நிமிட வட்டில் பாதியைச் சற்றுத் தாண்டி அந்த நிறம் மாறும் கோடு ஒரு வளையமாகத் தெரியும். நூறு வட்டிலும் அந்த வளையம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஒன்றில் உள்ளே தள்ளி நின்றால் அது பாதியில் அறுந்த வட்டு. விரல் ரேகை, வால் நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளியிலிருந்து ஓரத்துக்கு இழுத்த கீற்று, இவை தெரிந்தாலும் தனியே எடுத்து வையுங்கள். பத்துக்கு ஒன்றை பிளேயரில் போட்டு முதல் பாட்டும் கடைசிப் பாட்டின் முடிவும் கேளுங்கள், வட்டின் வெளி ஓரத்தை நோக்கிப் போகப் போகத்தான் தகராறு அதிகம். நூறையும் சாய்த்துப் பார்க்க இருபது நிமிடம் ஆகும். தனியே எடுத்தவற்றைக் கடைக்காரர் கையிலேயே கொடுத்து, அவர் மறுபடி எழுதித் தந்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.